எதிர் சைட்டுக் கழிப்பறை

முதலில் என் கண்ணில் பட்டது கதவின் உள்பக்கம் இருந்த கொக்கி.

சாதாரண இரும்புக் கொக்கிதான். கைப்பையை மாட்டிவைப்பதற்கு. பையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டோ பல்லால் கடித்துக்கொண்டோ ஒரு பெண் உட்கார வேண்டியதில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். யோசித்ததோடு நிற்காமல் ஒரு திருகாணியை எடுத்து முடுக்கியும் இருக்கிறார்கள்.

கொக்கிக்குக் கீழே தாழ்ப்பாள். போட்டால் டக் என்று உறுதியாக ஒரு சத்தம். தரையில் சாம்பல் நிற டைல், ஈரமில்லாமல். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மூலையில் மூடி போட்ட குப்பைத்தொட்டி. சுவரின் மேல்பகுதியில் கம்பி வலை அடித்திருந்தார்கள். வெயில் அதன் வழியாகத் துண்டு துண்டாகத் தரையில் விழுந்து கிடந்தது. சோப்பில் எலுமிச்சை வாசனை.

வந்த வேலை முடிந்த பிறகும் நான் வெளியே போகாமல் நின்றேன். வயிறு எரிந்தது.

ஒரு கழிப்பறையைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வந்தது. அதைக் கட்டவைத்தவள் ரீத்தா என்பதால் இரண்டு மடங்காக வந்தது.

இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிக்கும் என் மகள் போன வாரம் கேட்டாள். “அம்மா, எல்லா வாரமும் நீங்க மட்டும் நல்லவங்களாவே வர்றீங்களே, எப்படி?” அவளுக்கான பதில் இந்த வாரம்.

இரண்டு பச்சைக் கூண்டுகள்

நான் அப்போது தம்போயிலிருந்து ஸ்கூடாய் போகும் வழியில் ஓர் அடுக்குமாடிக் கட்டுமானத் தளத்தில் ஸ்டோர் கிளார்க். சிமெண்டு எத்தனை மூட்டை வந்தது, கையுறை யாருக்குக் கொடுத்தது, துளைபோடும் மெஷினை யார் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை, இதெல்லாம் என் வேலை. ஒரு கண்டெய்னர்தான் ஸ்டோர். காலை ஒன்பது மணிக்கே அதன் தகரம் தோசைக்கல்லாகிவிடும்.

நூறு பேருக்கு மேல் வேலை செய்த அந்தத் தளத்தில் இருந்தவை இரண்டு பிளாஸ்டிக் கழிப்பறைகள். கம்பி வளைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் இரண்டு கூண்டுகள். தண்ணீர் கிடையாது. பெயின்ட் டப்பாவில் நாமே கொண்டுபோக வேண்டும். ஒன்றின் தாழ்ப்பாள் உடைந்து, கட்டுக்கம்பியால் வளையம் போட்டிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து ஒரு கையால் அந்தக் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் முப்பது நாற்பது ஆண்கள் கம்பி வளைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் அந்தப் பக்கம் டப்பாவோடு நடந்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் தலை குனிவதுதான் எனக்கு அதிக வெட்கமாக இருந்தது.

அப்போது நாற்பத்தேழு வயது எனக்கு. மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் அது சொல்லாமல் கொள்ளாமல் வரும், வந்தால் நிற்காது. அந்த நாள்களில் என்ன செய்தேன் என்று எழுதப்போவதில்லை. பெண்களுக்குப் புரியும். ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மற்ற நாள்களில் நான் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் அரைக் கோப்பைக் காப்பி. அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு திரும்பும்வரை ஒன்றும் கிடையாது. ஒரே வருஷத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. கிளினிக் டாக்டர் ஒவ்வொரு தடவையும், “நிறையத் தண்ணி குடிங்க” என்றார். நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன்.

எங்கள் தளத்தில் இன்னொரு பெண் சூர்யாத்தி. இந்தோனேசியாவிலிருந்து கணவனோடு வந்தவள், டைல் ஒட்டுகிறவனுக்குச் சாந்து குழைத்துக் கொடுப்பாள். இருபத்தைந்து வயதிருக்கும். அவர்கள் தங்கியிருந்த கொங்சி, அதாவது தொழிலாளர் குடியிருப்பு, லாரியில் அரை மணி தூரம். அவளும் தண்ணீர் குடிப்பதில்லை. இதை நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் நான் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்; அவள் வேண்டாம் என்று சொன்ன விதத்தில் தெரிந்துகொண்டேன்.

பாதியில் திரும்பியவள்

ரீத்தா என் கொழுந்தன் சேவியரின் மனைவி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெரிய தளத்தில் அவள் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வெள்ளைத் தலைக்கவசம், கையில் வாக்கிடாக்கி. அங்கிருந்த எல்லாரும் அவளை “மேடம்” என்பார்கள். இரண்டு வீடும் தம்போயில் ஒரே தாமான் குடியிருப்பில் இருந்ததால் காலையும் மாலையும் அவளுடைய காரில்தான் போய்வந்தேன்.

அந்த வெள்ளைத் தலைக்கவசம் என் தலையிலும் இருந்திருக்கலாம். அதுதான் விஷயம்.

மேற்பார்வையாளர் பயிற்சிக்கு நாங்கள் இரண்டு பேருமே பெயர் கொடுத்திருந்தோம். முதல் நாள் வகுப்புக்கு ஒன்றாகவே போனோம். வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் முழுக்க ஆங்கிலம். முன்வரிசையில் டை கட்டிய இளைஞர்கள். “நீ போய் உக்காரு, நான் தண்டாஸ் போயிட்டு வரேன்” என்று ரீத்தாவிடம் கழிப்பறையைச் சாக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவர் அந்தோணியிடம் அந்த வகுப்பு எனக்குத் தேவையில்லாதது என்றேன்.

ரீத்தாவின் ஆங்கிலம் என்னுடையதைவிடப் பெரிய ஆங்கிலம் இல்லை. அவள் உட்கார்ந்தாள், நான் உட்காரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் தாங்க முடியவில்லை.

பொறாமை எனக்குப் புதிதும் இல்லை. பண்டார் தெங்காரா பக்கத்து எஸ்டேட்டில் நாங்கள் இருந்தபோது, லயத்து வீட்டு வரிசையின் கோடியில் ஆறு கதவுகள் உள்ள கக்கூஸ் ஒன்று இருந்தது. நான்கு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. எஸ்டேட் கணக்கரான கிராணி வீட்டில் மட்டும் வீட்டுக்குள்ளேயே, சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுகிற கழிப்பறை. கிராணியின் மகளும் நானும் ஒரே வகுப்பு. ஒருநாள் அவள் வீட்டுக்கு விளையாடப் போய், உள்ளே நுழைந்து, தண்ணீர் நிரம்ப நிரம்பச் சங்கிலியை இழுத்துக்கொண்டே இருந்தேன். ஐந்து முறையோ ஆறு முறையோ. அவளுடைய அம்மா வந்து கதவைத் தட்டினார். எனக்கு ஆசையெல்லாம் அந்தத் தண்ணீர் தீர்ந்துபோக வேண்டும் என்பதுதான். எனக்கும் அது வேண்டும் என்று தோன்றவில்லை. அவளுக்கு அது இருக்கக் கூடாது என்று தோன்றியது.

என் பொறாமையின் குணம் அன்றிலிருந்து அப்படித்தான்.

சாவி

எனக்கு மூன்றாவது முறை தொற்று வந்தபோது ரீத்தாதான் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள். திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது ஒரு சாவியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“அக்கா, எங்க சைட்டு லேடீஸ் தண்டாஸ் சாவி. ஸ்பேர் ஒண்ணு இருந்துச்சு. நீங்க வந்து யூஸ் பண்ணிக்குங்க.”

“அங்க வெளியாள விடுவாங்களா?”

“காலைல பத்து மணி, மத்தியானம் மூணு மணி வாங்க. கார்டுகிட்ட நான் சொல்லி வெச்சிருக்கேன். வேலியோரமா அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வந்துடலாம். அந்த இந்தோனேசியாப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க லா, பாவம்.”

நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சாவியின் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது மட்டும் நினைவிருக்கிறது. அவள் கொடுத்து நான் வாங்கினேன். வேறு விதமாக அதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆனால் போனேன். தினமும் போனேன். சூர்யாத்தியும் நானும் தலைக்கவசத்தோடு சாலையைக் கடப்போம். வேலிப் பக்கத்துக் கேட்டில் இருந்த நேப்பாளக் காவலாளி தலையசைத்து விடுவார். முதல் நாள் சூர்யாத்தி உள்ளே போய் முகம் கழுவி, கை கழுவி, முழங்கால் வரை கால் கழுவி, கடைசியில் குழாயையும் கழுவிவிட்டு வந்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். எனக்குத் தொற்று நின்றது.

அப்படி இருக்கும்போது எனக்கு என்ன குறை? யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: ஒவ்வொரு முறை அந்தத் தாழ்ப்பாளைப் போடும்போதும் அது ரீத்தாவின் தாழ்ப்பாள் என்பதுதான் குறை.

ஒரு வார்த்தை

சில மாதங்கள் கழித்து அவளுடைய கம்பெனி, தளங்களிலேயே தொழிலாளர் வசதி சிறப்பாக இருப்பது அந்தத் தளத்தில்தான் என்று அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. கழிப்பறை வரிசைக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைக் கொழுந்தன் சேவியர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வரிசையாக இதயங்கள் விழுந்தன. அந்தோணி தட்டைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பாரேன், ரீத்தா எங்கயோ போயிட்டா.”

“சட்டத்துல இருக்கறதத்தானே செஞ்சிருக்கா” என்றேன்.

“உங்க சைட்டுக்கும் அதே சட்டம்தானே?” என்றார் அவர். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நானும் சூர்யாத்தியும் போனபோது கேட்டில் காவலாளியோடு இன்னொருவர் நின்றிருந்தார். அந்தத் தளத்தின் புராஜெக்ட் மானேஜர். எங்கள் தலைக்கவசத்தில் வேறு கம்பெனியின் பெயரைப் பார்த்துவிட்டு, என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார்.

தவறி வந்துவிட்டோம் என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். உங்கள் கார்டிடம் ஒரு செய்தி சொல்ல வந்தேன் என்றிருக்கலாம். என்ன சொல்லியிருந்தாலும் அவர் விட்டிருப்பார், அவசரத்தில் இருந்தார். நான் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன்.

“உங்கள் சேஃப்டி மேடம் கொடுத்தார். நாங்கள் தினமும் வருகிறோம்.”

தினமும். அதை அவர் கேட்கவே இல்லை.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வெளியே போகும்போது எனக்கு இனித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வெயிலில் வந்தவளுக்கு ஐஸ் தண்ணீர் தொண்டையில் இறங்குவதுபோல் இருந்தது. அவர் கையை நீட்டினார். சாவியை அவர் கையில் வைத்தேன். பக்கத்தில் சூர்யாத்தி என் முகத்தையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாயங்காலம் காரில் ரீத்தா, “தலைவலி அக்கா” என்றாள். மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பிய பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கொஞ்ச நாளைக்கு அங்க வர வேணாம் அக்கா. ரூல் மாத்திட்டாங்க.”

“ஏன்? என்னாச்சு?” என்று கேட்டேன்.

ஒன்றும் தெரியாதவள்போல அப்படிக் கேட்டதைத்தான் நான் செய்ததிலேயே கேவலமானதாக இன்றைக்கும் நினைக்கிறேன்.

மூன்றாவது மாடி

பச்சைக் கூண்டுக்கே திரும்பினோம். நான் மறுபடியும் அரைக் கோப்பைக் காப்பிக்குத் திரும்பினேன். சூர்யாத்தி கூண்டுக்குப் போகவில்லை. வேலை முடியாத மூன்றாவது மாடியில், கதவு வைக்காத ஒரு வீட்டின் பின்னறைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஸ்டோரிலிருந்து பார்த்தால் அவள் தனியாகப் படியேறுவது தெரியும். பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஆகியிருக்கும். பிற்பகலில் அவளுடைய கணவன் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு ஓடிவந்தான். மாடியில் கழற்றிப்போட்ட பலகையில் நிமிர்ந்திருந்த ஆணி, ரப்பர் பூட்ஸைத் துளைத்துப் பாதத்துக்குள் ஏறியிருந்தது. பூட்ஸைக் கவிழ்த்தபோது ரத்தம் தரையில் கொட்டியது.

கிளினிக்கில் தாதி எப்படி நடந்தது என்று கேட்டாள். சூர்யாத்தி வலியிலும் நிதானமாக, “கட்டை தூக்கிட்டுப் போனேன்” என்றாள். தாதி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்றேன். சாந்து குழைக்கிற பெண்ணுக்குக் கட்டை தூக்கும் வேலை கிடையாது என்று அந்தத் தாதிக்கு எப்படித் தெரியும்?

காலைச் சுத்தம் செய்யும்போது சூர்யாத்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அக்கா என்பதற்கு மலாயில் ‘காக்’ என்பாள். மெதுவாகச் சொன்னாள். “காலைலேருந்து ஒரு சொட்டு குடிக்கல, காக். அப்பவும் வந்துருச்சு.”

மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பி வந்து நேராக எங்கள் தள மானேஜர் கோ என்பவரின் அறைக்குப் போனேன். அவர் விபத்துப் படிவத்தில் “கட்டை தூக்கும்போது” என்று எழுதிக்கொண்டிருந்தார். கட்டை இல்லை, கழிப்பறை என்றேன். ஒரு பெண் ஒதுங்க இடமில்லாமல் மாடிக்குப் போனாள் என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். மோசமான மனிதர் இல்லை. அவருடைய அறைக்குள் ஒரு கழிப்பறை இருந்தது, அதனால் இதை யோசிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை.

“வாயால் சொன்னால் தலைமை அலுவலகம் கேட்காது” என்றார். “எத்தனை அறை, எங்கே வைப்பது, கழிவு எங்கே போகும், சட்டம் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் எழுதிக் கொண்டு வா. நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் ஒருத்திதான்.

ரீத்தாவின் சமையலறை

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ரீத்தா பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சூர்யாத்தியின் கால் பற்றிச் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டாள். பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டை எடுத்துப் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தாள்.

“ஆம்பளைங்களுக்கு இந்தப் பக்கம். பொம்பளைங்களுக்குத் தனியா, வழியும் தனியா இருக்கணும். ஒரே வழியா இருந்தா யாரும் போக மாட்டாங்க. மேல டேங்க். ராத்திரி ஷிஃப்டுக்கு லைட். தாழ்ப்பா உள்ளேருந்து, இரும்புல. பிளாஸ்டிக் போட்டா ஒரு மாசத்துல போயிடும். மூடி போட்ட தொட்டி மறந்துடாதீங்க அக்கா, ஆம்பளைங்க பிளான் போட்டா அத மறந்துடுவாங்க.”

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்த நேரத்திலும், அவளுக்கு எல்லாம் தெரிகிறதே என்று உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. சேவியரின் மடிக்கணினியில் கடிதத்தை அடித்தேன். கடைசியில், தயாரித்தவர்கள் என்று என் பெயரையும் அவள் பெயரையும் போட்டேன். அதை ஒரு பெரிய தர்மம்போல நினைத்துக்கொண்டு போட்டேன்.

“என் பேர எடுத்துடுங்க அக்கா.”

“ஏன்?”

“ஏற்கெனவே ஒரு வார்னிங் லெட்டர் வாங்கியிருக்கேன். வேற கம்பெனிக்கு வேலை பாக்கறேன்னு இன்னொண்ணு வேணாம்.”

“வார்னிங்கா, எதுக்கு?”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். குக்கர் விசில் அடித்தது. அவள் அதை அணைக்கப் போகவில்லை.

“உங்களுக்குத் தெரியாதா அக்கா?”

நான் தலை குனிந்தேன்.

“கார்டு அன்னைக்கே எல்லாம் சொல்லிட்டாரு. மானேஜர் கேட்டாரு, நீங்க சாவியக் காட்டினீங்க. அதுவரைக்கும் சரி, பயந்து சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். ‘தினமும்’னு ஏன் சொன்னீங்க? அது ஒண்ணுதான் எனக்குப் புரியல.”

நான் சொன்னேன். சான்றிதழ், அந்தோணி பெரிதாக்கிப் பார்த்த படம், பயிற்சி வகுப்பிலிருந்து பஸ் ஏறியது எல்லாவற்றையும். வரிசையாக வரவில்லை, முன்னும் பின்னுமாக வந்தது.

முடித்த பிறகு ரீத்தா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். முதுகைக் காட்டியபடியே பேசினாள்.

“பரவால்லன்னு சொல்ல மாட்டேன். பரவால்லாம இல்ல. அந்த லெட்டர் வந்ததுல எனக்கு வர வேண்டிய புரமோஷன் நின்னு போச்சு. ஆனா அந்தப் பொண்ணு கால்ல ஆணி ஏறியிருக்கு. அத முதல்ல பாப்போம்.”

அவளுக்கு மூன்று வாரமாகத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று வாரமும் காலையில் என் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்து என்னை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது நான் அழுதேன். அழுகையில் வெட்கம் இருந்தது. அவளால் அப்படி இருக்க முடிகிறதே என்ற பொறாமையும் இருந்தது.

யாரும் தட்டவில்லை

கடிதம் என் பெயரில் மட்டும் போனது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு முறை கேள்வி கேட்டார்கள். இரண்டு முறையும் ரீத்தா பதில் சொல்லிக்கொடுத்தாள், நான் எழுதினேன். மூன்றாவது முறை வந்த கேள்விக்கு நானே பதில் எழுதிவிட்டு அவளிடம் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் திருத்தினாள்.

ஒப்புதல் வர நாளானது. அதற்குள் மழைக்காலம் வந்து பச்சைக் கூண்டு ஒன்று சரிந்தது. கடைசியில் செங்கல் வைத்துக் கட்டி, தகரக் கூரை போட்டு, மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஏற்றினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை. எங்களுக்குப் பின்பக்கமாகத் தனி வழியோடு இரண்டு அறை. தண்ணீர் வரும் குழாய்க்குக் கீழே கால் கழுவ ஒரு மேடை. அது யாருடைய யோசனையும் இல்லை, கொத்தனாரே கட்டிக் கொடுத்தார்.

திறந்த அன்று சூர்யாத்தியை முதலில் போகச் சொன்னேன். கால் ஆறியிருந்தாலும் இன்னும் லேசாக நொண்டினாள். உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் ஓடியது, நின்றது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் வெளியே நின்று ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கூந்தலைப் பிரித்துச் சீவி முடிந்துகொண்டு, முகம் ஈரமாக வெளியே வந்தாள்.

“என்னாச்சு, உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டேன்.

“இல்ல, காக். சும்மா உக்காந்திருந்தேன்” என்றாள். “யாரும் தட்டல.”

தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்னைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். நான் ஆசைப்பட்ட அதே மாதிரிப் படம். அந்தோணி அதைக் குடும்பக் குழுவில் போட்டார். இதயங்கள் விழ ஆரம்பித்தன. முதல் இதயம் ரீத்தாவுடையது.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இது ரீத்தா போட்டுக் கொடுத்த திட்டம் என்று குழுவில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். நல்லவளாகக் காட்டிக்கொள்வதற்காக எழுதுகிறேனா என்று எனக்கே சந்தேகம். மூன்றாவது தடவை யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். சேவியர் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டார். மற்றவர்கள் அதற்குள் வேறு ஏதோ திருமணப் படத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அந்த வருஷம் ரீத்தாவுக்குப் பதவி உயர்வு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வேறொரு கம்பெனி, கடலோரம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய திட்டத்துக்கு அவளைப் பாதுகாப்பு அதிகாரியாகக் கூப்பிட்டது. அதிகாரி. மேற்பார்வையாளரைவிட ஒரு படி மேலே.

புது வேலைக்குப் போவதற்கு முந்தின வாரம், வழக்கம்போல என்னை ஏற்றிக்கொண்டு போனாள். காலை நெரிசலில் கார்கள் நகரவே இல்லை. புதுத் தளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பெண்களுக்கு மட்டும் ஒரு முழு வரிசை கழிப்பறை. குளிக்க அறை. துணி மாற்ற அறை, உள்ளே பெஞ்ச்கூட இருக்கிறதாம். முன்பென்றால் நான், “நல்லது ரீத்தா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன்.

“எனக்குப் பொறாமையா இருக்கு ரீத்தா” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த லாரி ஹார்ன் அடித்தது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தது.

“ரொம்பவா?” என்றாள்.

“ரொம்ப.”

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கியரை மாற்றி, வண்டியை மெதுவாக நகர்த்தினாள்.

“இப்படி என்கிட்டயே சொல்லிடுங்க அக்கா” என்றாள். “கேட்டுல நிக்கறவங்ககிட்டச் சொல்லாதீங்க.”